நாற்பத்தாறு ஈய வில்லைகள்

1

இந்தக் கதை ஒரு பொய்க் குறிப்பேட்டிலிருந்து பிறந்தது. கதை எழுதுகிறவன் பொய் எழுதுவதில் என்ன அதிசயம் என்பீர்கள். அது கதை எழுதும் நோட்டு அல்ல. என் அக்கா ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நடந்தாள் என்று எழுதிவரும்படி மருத்துவமனையில் கொடுத்த நூறு பக்க நோட்டு. அவள் சொல்லச் சொல்ல எழுதியது நான்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஓர் இயந்திரம் என் ரத்தத்தைக் கழுவி அனுப்புகிறது. அக்கா தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்றாள். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது, எடை மட்டும் இடித்தது. எண்பத்திரண்டு கிலோ. எழுபதுக்கு வந்தால்தான் அவள் உடம்பில் கத்தி வைப்போம் என்றார்கள். அவள் பத்திரமாக எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது. பன்னிரண்டு கிலோ தூரத்தில் என் உயிர் இருந்தது.

எண் போட்டு எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். தொழில் பழக்கம். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கருவி, இவற்றோடு வரும் கையேடுகளை எழுதிப் பிழைக்கிறவன் நான். படி ஒன்று, படி இரண்டு, எச்சரிக்கை. அதை யாரும் படிப்பதில்லை என்பதும் தெரியும்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "திரைச்சீலை தைக்கும் பெண் ஒருத்தி, தன் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் தர முடிவு செய்த நாளில்..."

(அடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு யார் தருவார்கள்? என்னை நானே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வெட்கம்தான் காரணம்.)

இரண்டாவது தொடக்கம்: "கலோரி என்பது ஓர் அளவு. உடம்புக்குள் போவதும் உடம்பிலிருந்து செலவாவதும் சமமாக இருந்தால் எடை அப்படியே நிற்கும். உள்ளே போவது கொஞ்சம் குறைந்து, செலவு கொஞ்சம் கூடினால்..."

(இது இஸ்திரிப் பெட்டிக் கையேடு. விட்டுவிட்டேன். ஆனால் இதில் உள்ளது அத்தனையும் உண்மை. 'கொஞ்சம்' என்ற சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

அக்கா வேலை செய்வது ஒரு திரைச்சீலைக் கடையின் பின்னறையில். நீளமான மேஜை, இரண்டு தையல் இயந்திரங்கள், சுவரில் ஆணியடித்துத் தொங்கும் அளவு நாடாக்கள். கடையில் தொங்கவிட்டால் திரைச்சீலை நேராக விழ வேண்டும். காற்றில் பறக்கக் கூடாது. அதற்காக அடிமடிப்புக்குள் சின்னச் சின்ன ஈய வில்லைகளை வைத்துத் தைப்பார்கள். ஒரு வில்லை ஐம்பது கிராம். ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு துணிப்பை. அக்கா தைத்த மடிப்பு பிரிந்ததாக இருபது வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட வந்து நின்றதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

3

உணவு ஆலோசகரின் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மூலையில் எடை பார்க்கும் இயந்திரம். ஆலோசகர் ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்.

"உங்க உடம்பு ஒரு நாளைக்குச் சுமாரா ரெண்டாயிரம் கலோரி செலவு பண்ணுது. சாப்பாட்டுல முந்நூறு குறைங்க. நடையில இருநூறு செலவு பண்ணுங்க. வாரத்துக்கு அரை கிலோ இறங்கும். அது போதும்."

"சாப்பாட்டுலயே ஆயிரத்தைக் குறைச்சிட்டா?" என்றாள் அக்கா. தையல் கூலியில் பேரம் பேசுகிற குரல்.

"முதல்ல தண்ணி போகும். அப்புறம் தசை போகும். தசை போன உடம்பை மேஜையில படுக்கவெச்சா காயம் ஆறாது. சிறுநீர்ல தப்புத் தப்பா ரிப்போர்ட் வரும். உங்களை வேண்டாம்னு எழுதிடுவாங்க."

"அரை கிலோன்னா, ஆறு மாசம் ஆகுமே."

"ஆமா, ஆறு மாசம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். என் முகம் அப்போது வீங்கியிருந்தது. "இவன் ஆறு மாசம் தாங்குவானா?"

ஆலோசகர் தாளை மடித்து அக்காவின் கையில் கொடுத்தார். "அதை அவரோட டாக்டர்கிட்ட கேளுங்க. நான் உங்களுக்குப் பொறுப்பு. அவருக்கு இல்ல."

அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு யோசித்தால், அந்த அறையில் அக்காவுக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

4

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அக்காவின் மேல் அல்ல. தம்பியின் மேல்.

முதல் மாத முடிவில் இரண்டு கிலோ இறங்கியிருக்க வேண்டும். நாலரை கிலோ இறங்கியிருந்தாள். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசமும் இப்படி வந்து நின்னீங்கன்னா, இவங்க தயாராகலைன்னு ஆபரேஷனை முடிவு பண்ற குழுவுக்கு நானே எழுதிடுவேன்." மறுநாளிலிருந்து நோட்டு ஒழுங்காக நிறைய ஆரம்பித்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு வேலையிலிருந்து வருவாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள்: "எழுதிக்கோடா. காலையில ரெண்டு முட்டை, ரெண்டு ரொட்டி. மதியம் ஒரு கப் சோறு, பருப்பு, காய். நாலு மணிக்கு ஒரு பழம். நடை நாப்பது நிமிஷம்." நான் எழுதுவேன். பிறகு தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்வாள். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளைக்கு எனக்கு மூன்று டம்ளருக்கு மேல் அனுமதியில்லை.

நானும் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். நாள் முழுக்க அந்தச் சமையலறைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை வாங்கிவந்த முட்டை அட்டையில் பதினெட்டு முட்டை. அத்தானுக்குத் தினம் ஒன்று. சனிக்கிழமை அட்டையைத் திறந்தால் பன்னிரண்டு முட்டை அப்படியே இருக்கிறது.

(இந்த இடத்தில் "தம்பி அதைக் கவனிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. வாசகருக்கும் அவன்மேல் இரக்கம் வந்திருக்கும்.)

கவனித்தேன். ரொட்டிப் பாக்கெட்டையும் கவனித்தேன். கழன்று விழாதபடி அவள் மோதிரத்தில் நூல் சுற்றியிருந்ததையும், மாடிப்படியில் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதையும் கவனித்தேன். எல்லாவற்றையும் கண்டும் காணாமல், 'காலை: இரண்டு முட்டை' என்று முத்து முத்தாக எழுதினேன். ஒரு நாள் அவள் சொல்ல மறந்த பழத்தையும் நானே சேர்த்தேன். கலோரி கணக்கு ஆயிரத்து எழுநூறுக்குச் சரியாக வர வேண்டுமே.

ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கு வாழ ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.*

* சாதாரணமாக இந்த மாதிரி நோட்டில் பொய் சொல்கிறவர்கள் சாப்பிட்டதை மறைப்பார்களாம். சாப்பிடாததை எழுதிய நோட்டைத் தன் அனுபவத்தில் எங்களிடம்தான் முதலில் பார்த்ததாக ஆலோசகர் பிறகு சொன்னார்.

5

இரண்டாவது மாதம். அதே அறை. அக்கா நீளமான ஒரு பழுப்புப் பாவாடை கட்டியிருந்தாள். புதிது. எடை பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், வளையலைக் கழற்றுவார்கள், கைக்குட்டையைக்கூட எடுத்து வெளியே வைப்பார்கள். இவள் கைப்பையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாக ஏறினாள்.

எழுபத்தைந்தரை.

"ரெண்டு கிலோ. இப்படித்தான் வரணும்," என்றார் ஆலோசகர். சிக்கனத்தை விட்டு ஒரு சிரிப்பும் சிரித்தார். நோட்டைப் புரட்டி, "தம்பி கையெழுத்து அழகா இருக்கு," என்றார்.

அக்கா இறங்கினாள். டிக்கென்று ஒரு சத்தம். தரையில் ஏதோ உருண்டு, மேஜைக் காலில் முட்டி, சுழன்று படுத்தது. ஆலோசகர் குனிந்து எடுத்தார். துணிப்பையிலிருந்து நழுவிய, சாம்பல் நிறத்தில் தட்டையான ஒரு ஈய வில்லை.

எனக்கு அது என்னவென்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆலோசகர் மண்டியிட்டு, குழந்தைக்குச் சட்டை போடுகிறவர் போல அந்தப் பாவாடையின் அடிமடிப்பைக் கையில் பிடித்து வருடிக்கொண்டே போனார். பிறகு எழுந்து ஒரு மருத்துவமனை அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து மறுபடி ஏறினாள்.

எழுபத்து மூன்று கிலோ இருநூறு.

நாற்பத்தாறு வில்லைகள். இரண்டு கிலோ முந்நூறு கிராம். எடையைக் குறைக்க வந்தவள் எடையைக் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

"எதுக்கும்மா?" என்றார் ஆலோசகர். கோபம் இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேகமா எறங்கினா குழுவுக்கு எழுதிடுவேன்னு சொன்னீங்களே. இவனுக்குத் திடீர்னு முடியாம போச்சுன்னா, ஒரே வாரத்துல எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டு, இதோ எறங்கிட்டேன்னு வந்து நிக்கலாம்னு நெனச்சேன். கையில கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்னுதான்." பிறகு, அறையில் நடந்த எதையும்விட அதுதான் அவமானம் போல, பாவாடையின் பிரிந்த தையலைப் பார்த்தாள். "என் தையல் பிரியாது மேடம். கை நடுங்கியிருக்கு."

ஆலோசகர் அவள் விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மூணு மாசம் எடையை மறந்துடுங்க. சாப்பிடுங்க, நடங்க, தசை திரும்பட்டும். கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல. அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்." நோட்டை என் பக்கம் நகர்த்தினார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

6

அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று மாலை நோட்டை ஒரு பக்கம் விடாமல் படித்தார். படித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுதான் எழுதினியா?"

"தெரியும் அத்தான்."

தன் கைகளைப் பார்த்தார். கிரீஸ் படிந்த நகங்கள். "எனக்கு அவளும் வேணும், நீயும் வேணும்," என்றார். "ஆனா ரெண்டுல ஒண்ணுன்னு வந்தா என்னைக் கேக்காத. என் பதில் உனக்குப் பிடிக்காது."

(இதற்குப் பதிலாக நான் ஏதோ உருக்கமாகச் சொன்னதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. பத்தியை எடுத்துவிட்டேன்.)

7

அந்த மூன்று மாதத்தில்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். இதுவரை நீங்கள் படித்ததை அக்காவும் படித்தாள். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே படித்தாள், துணியில் சாக்பீஸ் போடுகிற மாதிரி.

"என்னை என்னடா இவ்வளவு பெரிய தியாகி ஆக்கி வெச்சிருக்க?"

"அப்படியா இருக்கு?"

"பின்ன? எனக்குப் பயம், அவ்வளவுதான். நீ இல்லாத வீட்டுல உங்க அத்தானோட மட்டும் நான் என்ன பேசுறது? அந்த மனுஷன் லிஃப்டைத் தவிர வேற எதையாவது பேசி நீ கேட்டிருக்கியா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பென்சிலை மேஜையில் வைத்தாள்.

"பசி பழகிடுச்சுடா. அதைச் சொல்லு. மொத வாரம் உயிர் போச்சு. அப்புறம் ஒரு பெருமை வந்துச்சு. காலியா இருக்கற வயித்தைத் தடவிப் பாத்தா, உன்னைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக் கரையில போடற மாதிரி இருந்துச்சு. சாப்பிட்டா உன்னைத் தண்ணியில திருப்பி விடற மாதிரி. அதை எழுது."

எழுதிவிட்டேன்.

"நீ எழுதின பொய்யையும் எழுதிட்டியா?" என்று கேட்டாள்.

"நாலாம் பகுதியில."

"படிச்சேன். முட்டை எண்ணினதெல்லாம் சரிதான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்னு. அதனாலதான் உன்கிட்ட எழுதக் கொடுத்தேன். வேற யாராவதா இருந்தா கேள்வி கேட்டிருப்பாங்க."

இந்த ஒரு வரிக்கு அப்புறம் கதையை நாலு நாள் தொட முடியவில்லை.

8

சாப்பிடக் கற்பது பட்டினியைவிடக் கடினமான வேலை. அக்கா அழுதுகொண்டே சோறு தின்றதை நான் பார்த்திருக்கிறேன். எடை எழுபத்தாறுக்கு ஏறியது. பிறகுதான் ஆலோசகர் சொன்ன அந்த முந்நூறும் இருநூறும் உண்மையாகவே ஆரம்பித்தன. எண்ணெய் ஒரு கரண்டி குறைந்தது. தட்டில் காய் பாதி இடத்தைப் பிடித்தது. முட்டை அட்டை சனிக்கிழமை காலியானது. மாலையில் இரண்டு பேரும் நடக்கப் போவோம். நான் தெருக்கோடி வரை போய் அங்கிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அவள் என்னைத் தாண்டி ஐந்து சுற்று போவாள். ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்து விரல் காட்டுவாள்: மூன்று, நான்கு, ஐந்து. நோட்டில் நிஜம் ஏறியது. 'மதியம்: பாதிதான் சாப்பிட்டாள். கடையில் சண்டை.' 'இன்று நடக்கவில்லை. மழை, அலுப்பு.' 'கேக் ஒரு துண்டு. முதலாளி மகள் பிறந்தநாள். நன்றாக இருந்ததாம்.' வாரத்துக்கு அரை கிலோ. சில வாரம் அதுவும் இல்லை. நுனிவிரலால் நகர்த்துகிற மாதிரி நகர்ந்தது.

இந்தப் பக்கம் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். என் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதயம் பெரிதாகி வருவதைக் காட்டினார். "குழு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறைதான் கூடும். இந்தக் கூட்டத்தை விட்டா அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் தாங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன்," என்றார். அக்காவும் பக்கத்தில்தான் இருந்தாள்.

9

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) எடை எழுபதுக்குக் கீழே. அறுவை நல்லபடியாக முடிகிறது. இருவரும் அடுத்தடுத்த கட்டிலில். (இதைப் படித்த அக்கா, "ஆம்பளை வார்டுல எனக்கு என்னடா கட்டில்?" என்று கேட்டுவிட்டாள். போயிற்று.)

ஆ) எடை எழுபதுக்கு மேலே. தம்பி அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்கிறான். காத்திருக்கிறான் என்ற சொல்லோடு கதை...

(முடிக்கவில்லை.)

இ) "உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம்" என்று தம்பி அக்காவிடம் சொல்கிறான். (பொய். நான் சொல்லவே இல்லை. சொல்லிப் பார்க்கவும் தைரியம் இருந்ததில்லை.)

ஆகவே முடிவு என்று ஒன்றை எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குழு கூடுவதற்கு முன் கடைசியாக எடை பார்க்கும் நாள் காலை ஆறரை மணி. வீட்டு இயந்திரத்தில் எழுபது கிலோ இருநூறு. மருத்துவமனையில் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தால், இருநூறு கிராம் தானாக இறங்கிவிடும். யாரும் தப்பென்று சொல்ல முடியாது. ஒரு வேளைதான்.

நான் அடுப்படிக்குப் போனேன். இரண்டு முட்டையை வேகவைத்தேன். இரண்டு ரொட்டி வாட்டினேன். பாலைக் காய்ச்சினேன். ஒரு பழம். எல்லாவற்றையும் தட்டில் வைத்து அக்காவின் முன்னால் வைத்தேன். வைக்கும்போது தட்டு ஆடியது. நல்லவன் என்பதால் ஆடவில்லை. அந்தத் தட்டின் எடை எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னிக்கு ஒரு நாள்டா," என்றாள் மெதுவாக. "எழுதிக்கோ, சாப்பிட்டேன்னு."

"சாப்பிடு. அப்புறம் எழுதறேன்."

"உனக்காகத்தான்டா சொல்றேன்."

"எனக்காகத்தான் நானும் சொல்றேன்."

அத்தான் வாசலில் ஒரு ஷூவைப் போட்டுவிட்டு, மறு ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றார். அக்கா முட்டையை எடுத்து மேஜையில் தட்டினாள். ஓட்டை உரித்தாள். அவசரமில்லாமல் உரித்தாள். விரல் நடுங்கவில்லை. முழுவதும் சாப்பிட்டாள், ரொட்டியின் ஓரம்கூட மிச்சமில்லாமல். பால் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி. நோட்டை எடுத்து எழுதினேன்.

10

பத்து மணி. அதே அறை. அக்கா அதே பழுப்புப் பாவாடையைக் கட்டியிருந்தாள். அடிமடிப்பை முழுவதும் பிரித்துத் தைக்காமல் விட்டிருந்தாள், நூல் தொங்கியது. இருபது வருடத் தையல்காரி அப்படி வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஆலோசகர் அந்த நூலைப் பார்த்தார். அக்கா ஏறினாள். ஆலோசகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

இதை, ரத்தம் கழுவும் இயந்திரத்தோடு கட்டப்படாத என் வலது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இது அன்றைய தினமா, அடுத்த மாதமா, அதற்குப் பிறகா என்று கேட்காதீர்கள். எழுதுகிறானே, பிழைத்துவிட்டான் என்றும் முடிவு கட்டாதீர்கள். எண் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். இந்தக் கையை நம்பி ஒரு தடவை ஒருத்தி மோசம் போக இருந்தாள்.

இடம் விட்டிருக்கிறேன்: ............ கிலோ.

நீங்கள் நிரப்புங்கள். எழுபதுக்குக் கீழே எழுதினால் உங்களுக்கு நன்றி. மேலே எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் நோட்டில் அதற்கு முந்தைய வரி ஒன்று இருக்கிறது. அதில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் எழுதியதிலேயே அது ஒன்றுதான்...

(எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. வரியையே தருகிறேன்.)

காலை 7.10. இரண்டு முட்டை, இரண்டு ரொட்டி, ஒரு டம்ளர் பால், ஒரு பழம். சாப்பிட்டாள். எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.